நியாயம் என்றால் லாஜிக்கா, நீதியா, பஞ்சாயத்தா?

கேள்வி, குடியாத்தத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பியுடையது. ஆங்கிலப் பத்தியில் ‘லாஜிக்கல்’, ‘வேலிட்’, ‘சவுண்ட் ஆர்கியுமென்ட்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘நியாயமான’ என்று எழுதலாமா என்று கேட்கிறார். பயிற்சி மையத்தில் ‘தர்க்கரீதியான’ என்று எழுதச் சொல்கிறார்களாம். கூடவே, வீட்டில் பாட்டி ‘இன்னா நாயம் இது?’ என்று சத்தம் போடுவதும் இதே சொல்தானா என்று ஒரு சந்தேகம்.

ஒரே சொல்தான். ஆனால் எல்லா இடத்திலும் போட்டால் இடிக்கும். நான் தமிழ் வாத்தியார் இல்லை. இருபத்தாறு வருடமாக வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் வந்தால் காலை ஏழு மணிக்கே ஆள் வந்து நிற்கும். அங்கே தினமும் புழங்குகிற சொல் என்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் பழைய பஸ் ஸ்டாண்டில் காதில் விழுகிற ஒரு பேச்சு: “நியாயமாப் பார்த்தா வண்டி இந்நேரம் வந்திருக்கணும்.” இதில் நீதி எங்கே வந்தது? யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எட்டரைக்குக் கிளம்புகிற வண்டி, ஒன்றரை மணி நேர ஓட்டம், இப்போது மணி பத்தேகால், ஆகவே வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இது சுத்தமான அனுமானம். தெரிந்த விஷயங்களிலிருந்து தெரியாத ஒன்றுக்குப் போகிற வேலை. ‘நியாயமான சந்தேகம்’ என்பதும் ‘நியாயமான கேள்வி’ என்பதும் இதே ஜாதி. சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது, சும்மா கிளப்பவில்லை என்று பொருள்.

நியாய விலைக் கடை, நியாயமான கூலி என்று சொல்லும்போது வேறு முகம். அங்கே கணக்கு அனுமானம் அல்ல, யாரையும் ஏய்க்கவில்லை என்பதுதான் பேச்சு. கோர்ட்டை நியாயஸ்தலம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்றும் தமிழ் பைபிளில் நியாயாதிபதிகள், நியாயப்பிரமாணம் எல்லாம் இருக்கின்றன. வேலூரில் வளர்ந்தவர்களுக்கு எந்த மதமானாலும் அந்தச் சொற்கள் காதுக்குப் பழக்கம்.

இந்த இரண்டு முகமும் எங்கே சேர்கின்றன? நம் ஆட்கள் ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு “நீ சொல்றது நெஜந்தான்” என்பார்கள். “நீ சொல்றது நாயந்தான்” என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. நிஜம் என்றால் நடந்தது நடந்தபடி. நியாயம் என்றால், நீ காட்டுகிற காரணத்துக்கும் நீ வந்து சேர்கிற முடிவுக்கும் நடுவில் பாலம் இருக்கிறது. பையன் சொல்கிறான்: “பைக் இருந்தா ராணிப்பேட்டைக்கு வேலைக்கு நேரத்துல போயிடுவேன்பா. பஸ்ஸுல போனா வாரத்துல ரெண்டு நாள் லேட் ஆகுது.” அப்பா சொல்கிறார்: “நாயந்தான். துட்டு?” அந்த ‘நாயந்தான்’ சம்மதம் இல்லை. உன் காரணம் பொருந்துகிறது, அதில் குறை சொல்ல எனக்கு இடமில்லை, ஆனாலும் வாங்கித் தர மாட்டேன். ‘நியாயம்தான், ஆனா...’ என்ற பேச்சை வேறு எந்தச் சொல்லை வைத்தும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. முடிந்தால் சொல்லிப் பாருங்கள்.

இதிலிருந்துதான் ‘ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு’ என்பது வருகிறது. லாஜிக் படித்தவர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முடிவுகளும் சரியாக இருக்க முடியாது என்பார். முடிவுகள் இருக்க முடியாதுதான். காரணங்கள் இருக்கலாம். ஊரில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது அவர்கள் தூக்கிப் பார்ப்பது முடிவை அல்ல, இரண்டு பக்கமும் கொண்டுவந்து கொட்டிய காரணங்களை. அதனால்தான் நியாயத்துக்குப் ‘பக்கம்’ உண்டு. உண்மைக்கு அப்படி இல்லை.

ஒரு மனு எழுதிய கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். மஞ்சள் பையில் பழைய பட்டா நகல், ரேஷன் கார்டு, மூன்று எலுமிச்சம்பழம். பழம் எனக்கு.

“எங்க மாமனாரு காலத்துலருந்து அவங்க வரப்பு மேலதான் போய்க்கினு வந்துக்கினு இருக்கோம் தம்பி. இப்போ முள்ளு வெட்டிப்போட்டு அடைச்சிட்டான். அந்த வழி எங்களுது. இன்னா நாயம் இது? நாயம் கேட்டு எழுது.”

அவர் சொன்னதில் ஒரு காரணமும் ஒரு முடிவும் இருக்கின்றன. ரொம்ப காலமாக அந்த வழியில் போகிறோம் என்பது காரணம். வழி எங்களுடையது என்பது முடிவு. நடுவில் பாலம் இருக்கிறதா? இல்லை. நான் இருபத்தாறு வருடமாக இந்த ரோட்டில் நடக்கிறேன் என்பதால் ரோடு எனக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் பாலம் இல்லை என்று கைவிடவும் கூடாது, ஏனென்றால் சின்னதாக ஒன்று இருக்கிறது. 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டம் என்று ஒன்று உண்டு. அடுத்தவர் நிலத்து வழியாக 20 வருடம் பகிரங்கமாக, சண்டை சச்சரவில்லாமல், இடையில் அறுபடாமல், உரிமையோடு போய்வந்தால், அந்த வழியில் போய்வரும் உரிமை கிடைக்கும் என்கிறது அது. நிலம் அவருடையதுதான், போகிற உரிமை உங்களுடையது. ஆக, முடிவைக் கொஞ்சம் சிறிதாக வெட்டினால் காரணம் அதைத் தாங்கும்.

“எத்தினி வருசம்மா?” என்று கேட்டேன்.

“எனக்குக் கண்ணாலம் ஆயி வந்தே நாப்பது வருசம் ஆவுது.”

“எப்பவாச்சும் தடுத்தாங்களா?”

“அய்ய, அந்தப் பெரியவரு தங்கமான மனுசன். ‘போய்ட்டு வாங்கம்மா, என் நெலந்தானே, நான் இன்னா சொல்லப்போறேன்’னுவாரு. இப்ப இருக்கறது அவரு புள்ள.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த அம்மா அந்தப் பெரியவரைப் புகழ்வதாக நினைத்துச் சொன்னது, தன் வழக்கின் காலையே வெட்டுகிற வாக்கியம். ‘உரிமையோடு’ என்ற ஒரு சொல்தான் அந்தச் சட்டத்தில் உயிர். நிலத்துக்காரர் அனுமதி கொடுத்து அதன்பேரில் போனால் அது தயவு. நாற்பது வருடம் தயவு காட்டினாலும் அது உரிமை ஆகாது. இதை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் போதும், இரண்டே வரியில் முடித்துவிடுவார்.

அப்புறம் ஒன்று கேட்டேன்: “நீங்க அவரைக் கேட்டுட்டுத்தான் போனீங்களா?”

“யாரு கேப்பாங்க? நான் வந்தப்பவே வழி கெடந்திச்சி. மாடு ஓட்டிக்கினு போனா அவரு கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கினு சொல்வாரு.”

இப்போது நிலைமை வேறு. கேட்டு வாங்கிய அனுமதி இல்லை. வழியில் பார்த்தால் பேசுகிற மரியாதைப் பேச்சு. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கோர்ட் பாடு. உரிமையை முடிவு செய்வது கலெக்டர் மனுவும் இல்லை. சிவில் வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தேன். அன்றைக்கு எழுதிக் கொடுத்ததில் ‘வழி எங்களுடையது’ என்ற வரி இல்லை. ‘நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாதொரு தடையுமின்றி மேற்படி வழியே சென்று வருகிறோம்’ என்று இருந்தது. அம்மாவுக்குத் திருப்தியே இல்லை. “எங்களுதுன்னு எழுது தம்பி” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நியாயம் கேட்பதற்கும் நியாயம் இருப்பதற்கும் நடுவில் இவ்வளவு வேலை கிடக்கிறது. அந்த வேலைக்குத்தான் பழைய ஆட்கள் நியாயம் என்ற பெயரிலேயே ஒரு சாஸ்திரம் செய்து வைத்தார்கள். கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம் அதன் மூலநூல். எதை வைத்து ஒன்றை அறிந்தேன் என்று சொல்லலாம் என்பதற்கு அது நாலு வழி சொல்கிறது: கண்ணால் கண்டது, அனுமானித்தது, ஒப்பிட்டு அறிந்தது, நம்பத்தக்கவர் சொன்னது. இவற்றுக்குப் பிரமாணம் என்று பெயர். இன்று ஸ்டாம்பு ஒட்டி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குகிற பிரமாணப் பத்திரத்தில் இருக்கும் பிரமாணமும் அதே சொல்தான். தமிழில் அழகாக ‘அளவை’ என்றார்கள். லாஜிக் என்ற படிப்புக்கு அளவையியல் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான்.

தமிழில் இதைப் பார்க்க ஆசையென்றால் மணிமேகலையின் 29-ஆவது காதையைப் பிரித்துப் பாருங்கள். நம்மூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிற காஞ்சிபுரத்தில், பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்ற பழைய உதாரணம்தான். அதை ஐந்து உறுப்பாகப் பிரிக்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை மாதிரி என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். நாம் நிரூபிக்க எடுத்துக்கொள்வதற்குப் ‘பக்கம்’ என்று பெயர் என்பதைக் கவனியுங்கள். ‘என் பக்கம் நியாயம் இருக்கு’ என்று டீக்கடையில் சொல்கிறவருக்கு இது தெரியாது, ஆனால் சரியாகத்தான் சொல்கிறார்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது போலிகளின் பட்டியல். சரியான காரணம் போலத் தெரிந்து காரணமாகாதது ஏதுப்போலி. ஆவியா பனியா என்று சந்தேகம் தீராமலே, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவதும் அந்தப் பட்டியலில் ஒன்று. வேலூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு மலையில் புகை எழுவதையும் பார்த்திருக்கிறோம், மார்கழி விடியலில் அதே மலை பனிக்குள் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். தூரத்திலிருந்து இரண்டும் ஒரே வெள்ளைதான்.

தர்க்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். புத்தகத்தில் தர்க்கம் என்றால் காரண ஆராய்ச்சி. வாயில் வந்தால் சண்டை. ‘பெரியவங்ககிட்ட தர்க்கம் பண்ணாதே’ என்றால் எதிர்த்துப் பேசாதே என்று பொருள். குதர்க்கம் என்றால் கோணலான பேச்சு. விதண்டாவாதத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். நியாய சாஸ்திரத்தில் உண்மையைக் கண்டுபிடிக்கப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம், தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் எதிராளி சொல்வதையெல்லாம் உடைத்துக்கொண்டே போவது விதண்டை. ‘சும்மா விதண்டாவாதம் பேசாத’ என்று திட்டுகிறவர் ஏறக்குறைய அதே அர்த்தத்தில்தான் திட்டுகிறார். ஜல்பம் மட்டும் பாவம், பேச்சுத் தமிழில் இடம் பிடிக்கவில்லை. ஆள்தான் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

‘அநியாயம்’ ஒரு வேடிக்கை. நியாயத்துக்கு எதிர்ச்சொல் என்றாலும் ‘லாஜிக் இல்லாதது’ என்ற பொருள் அதற்கு வரவே வராது. அநியாய விலை, அநியாய வட்டி, மே மாதம் வேலூரில் அநியாய வெயில். ‘அநியாயத்துக்கு நல்லவன்’ என்றால் அளவுக்கு மீறி நல்லவன். லாஜிக் இல்லாததைச் சொல்லத் தமிழனுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன: ‘மொட்டத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு’, ‘சப்பைக்கட்டு’, அல்லது வெறுமனே ‘எங்கியோ இடிக்குதே’. ஒரு வாதத்துக்குள் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை ‘இடிக்குது’ மாதிரி ஒரு சொல் சொல்லிவிடாது. மொழிபெயர்க்கும்போது இதையெல்லாம் கீழ்த்தரம் என்று ஒதுக்காதீர்கள்.

நியாயத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: பழமொழி மாதிரி வழங்குகிற எடுத்துக்காட்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வடமொழியில் காகதாலீய நியாயம் என்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதற்கு ஸ்தாலீபுலாக நியாயம் என்று பெயர். முதலாவது, அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்கிறது. இரண்டாவது, கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்லலாம் என்கிறது.

எப்போது சொல்லலாம்? ஆம்பூரில் கல்யாண பிரியாணி போடுகிறவர் ஒருவரிடம் நின்று பார்த்திருக்கிறேன். சீரகச் சம்பா அரிசி பாதி வெந்ததும் கரண்டியில் நாலு பருக்கை எடுத்து விரலால் நசுக்கினார். ஓர் இடத்தில் இல்லை. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியைக் கிளறி ஒன்று. “ஒரு சோறு பதம்னு சொல்வாங்களே பாய்?” என்று கேட்டேன். “அது வூட்டுப் பானைக்கு சார். இது அண்டா. வெறகு ஒரு பக்கம் சாஞ்சு எரிஞ்சா அந்தப் பக்கம் கொழைஞ்சிடும்” என்றார். ஒரே தண்ணீர், ஒரே சூடு, அடிக்கடி கிளறுவது, இது இருக்கும்வரை ஒரு சோறு போதும். அந்த நிபந்தனை போனால் பழமொழியும் போயிற்று. மூட்டைக் கத்தரிக்காய்க்கு அதைப் போட்டுப் பார்க்கிறவர் மேலே அடுக்கிய நல்ல காயைப் பார்த்து ஏமாந்து வருவார்.

சரி, தேர்வு விஷயம். ‘வேலிட்’, ‘சவுண்ட்’ இரண்டும் லாஜிக் புத்தகத்தில் ஒன்றல்ல. நம்மூரைப் பற்றியே ஒரு கேலி உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. இதை வைத்து ஒருவர் சொல்கிறார்: சாமி இல்லாத கோயிலில் பூஜை நடக்காது, வேலூர் கோட்டைக் கோயிலில் சாமி இல்லை, ஆகவே அங்கே பூஜை நடக்காது. வரிகளைக் கோத்த முறையில் ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவது உண்மையாகியே தீரும். அதுதான் வேலிட். ஆனால் 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய் ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது வரி அன்றோடு காலாவதி. கோத்த முறை சரி, உள்ளே இருக்கிற சரக்கு கெட்டுப்போனது. ஆகவே அது சவுண்ட் இல்லை. கோத்த முறையும் சரியாக இருந்து சரக்கும் உண்மையாக இருந்தால்தான் சவுண்ட். தண்ணி இல்லாத ஆற்றை நம்பியவர்களுக்கு 2021 நவம்பரில் பாலாறே நேரில் வந்து பதில் சொன்னது. இத்தனை வருடமாக வரவில்லை என்பதிலிருந்து இனியும் வராது என்பதற்குப் பாலமே கிடையாது. அது வேலிட் கூட இல்லை.

அதனால், தத்துவம் அல்லது லாஜிக் பாடப் பத்தியாக இருந்தால் வேலிட் என்பதற்கு ‘முறையான வாதம்’, சவுண்ட் என்பதற்கு ‘பழுதற்ற வாதம்’ என்று நான் எழுதுவேன். படிப்பின் பெயராக வந்தால் அளவையியல் அல்லது தருக்கவியல். ஏரணம் என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் விடைத்தாள் திருத்துகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பத்திரிகைத் தலையங்கம் மாதிரி பத்தியில் ‘சவுண்ட் ஆர்கியுமென்ட்’ வந்தால் ‘வலுவான வாதம்’ போதும். அங்கே ‘நியாயமான வாதம்’ என்று எழுதினால், எழுதியவர் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுத்துப் பேசுகிறார் என்ற வாடை சேர்ந்துவிடும். அந்த வாடை மூலத்தில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ‘தர்க்கரீதியான’ என்பது எங்கேயும் தப்பாகாது, எங்கேயும் ருசிக்கவும் செய்யாது. ‘ரீசனபிள்’ என்று வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நியாயமான என்று போடலாம், அதற்கென்றே செய்த சொல் மாதிரி பொருந்தும். ‘ஜஸ்டிஃபை’ என்பதற்கு ‘நியாயப்படுத்து’ என்று எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். தமிழில் அது தப்பைச் சரியென்று காட்டுகிற வேலை. நல்ல அர்த்தத்தில் வந்தால் ‘தக்க காரணம் காட்டு’ என்று எழுதிவிடுங்கள்.

பாட்டியின் ‘நாயம்’ நியாயம் என்ற வடசொல் ஞாயம் ஆகி, நாயம் ஆகி நம் வாயில் தங்கியது. நம் பக்கம் நாயம் பேசுவது என்றால் பஞ்சாயத்து, இல்லாவிட்டால் வாயாடுவது. கொங்குப் பக்கம் போனால் அதற்கு வெறும் பேச்சு என்றே பொருள். என் தங்கை மகளை ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை முதல் தடவை விருந்துக்கு வந்தபோது, சாப்பிட்டு முடித்ததும், “பக்கத்து வூட்டு அண்ணங்கூடக் கொஞ்ச நேரம் நாயம் பேசிட்டு வர்றனுங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்: “வந்து ஒரு நாளு கூட ஆவல, அந்தாளோட இன்னா தகராறாம்? நீ போய் நடுவுல நில்லு.”